ரெண்டு சேனலுக்கும் ஒரே நாப்

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன் தம்பி, இதுல ரிப்பேர் எதுவும் கிடையாது. விக்கறான்னா ஏதோ கோளாறு இருக்கும்னு நெனச்சுட்டுத்தான் எல்லாரும் படியேறி வர்றாங்க. நேத்துகூட தொறையூர்லேர்ந்து ஒருத்தர் வந்தாரு. இந்தக் கிடார் ஆம்ப்புக்கு, அதான் சத்தத்தைப் பெருசாக்கற இந்தப் பொட்டிக்குப் பின்னாடி குனிஞ்சு டார்ச் அடிச்சு அடிச்சுப் பாத்தாரு. எங்க மக ஷீபாவைப் பொண்ணு பாக்க வந்தவங்ககூட அப்படிப் பாக்கல. நீங்க தாராளமாப் பாருங்க. அந்தச் சேர் வேணாம், ஒரு கால் ஆடும். கட்டில்ல உக்காருங்க. என்னது? காப்பியா? போடத் தெரியும், பால்தான் இல்ல. வரக்காப்பி குடிப்பீங்களா? சரி, அப்புறம் பாத்துக்கலாம்.

கொஞ்சம் சத்தமாப் பேசுங்க தம்பி. எனக்குக் காதெல்லாம் நல்லாத்தான் கேக்கும். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல தகரத்தையும் இரும்பையும் தட்டித் தட்டியே ரிட்டயர் ஆனவன் நான். என்கூட வேலை பாத்ததுல பாதிப் பேரு இன்னிக்கு டமாரச் செவிடு. எனக்கு ஒண்ணும் ஆகல, மாதா புண்ணியம். நீங்கதான் வாய்க்குள்ளயே பேசறீங்க. இப்ப உள்ள பிள்ளைங்க எல்லாருமே அப்படித்தான்.

இது சிங்கப்பூர்லேர்ந்து வந்தது. பெர்னத்தோட அண்ணன் கொண்டாந்து குடுத்தாரு. பெர்னத் யாருன்னா என் வீட்டுக்காரி. "மாப்ளே, நீங்களும் தங்கச்சியும் மேடையில நல்லா இருக்கணும்"னு சொல்லித்தான் குடுத்தாரு. ரெண்டு பேருக்கும்னு குடுத்தாரு, பாத்துக்குங்க. ஒரு கீறல் இருக்கா பாருங்க. ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னாடி நானே துணி போட்டுத் தொடைப்பேன். வேற யாரையும் தொட விடமாட்டேன். திருப்பற நாப்புங்க ஓரமா இந்த ரெண்டு செவப்புப் பொட்டு மட்டும் இருக்கு, நெயில் பாலிஷு. அது பேத்தி வேலை. ஷீபா பிள்ளை லீவுக்கு வந்திருந்தப்ப வச்சிருக்கும். தின்னர் போட்டுத் தொடச்சா போயிடும். தொடச்சே குடுத்துடறேன்.

வாசிப்பீங்கள்ல? சர்ச்சுலயா? நல்லது. நானும் சர்ச்சுல ஆரம்பிச்சவன்தான். அப்ப சொல்றேன், கேட்டுக்குங்க, இதை வாங்கறவனுக்கு இது தெரிஞ்சிருக்கணும்.

இதுல ரெண்டு சேனல். இது கிளீன். பாடறவங்க பாடும்போது பின்னாடி மெதுவா கார்ட்ஸ் போடறதுக்கு. இது லீட். பாட்டு நின்னு இன்டர்லூட் வரும்போது காலால இந்த ஸ்விட்ச்சை ஒரு மிதி. பச்சை லைட்டு போயி செவப்பு எரியும். அப்ப வரும் பாருங்க ஒரு சத்தம், கூட்டத்துல பேசிட்டு இருக்கறவன் எல்லாம் திரும்பிப் பாப்பான். நடுவுல இன்னொரு மோடும் இருக்கு, இந்தப் பட்டனை அமுக்கினா வரும். அதுக்குன்னு தனியா நாப் கிடையாது, லீடுக்குத் திருப்பி வச்சதையே எடுத்துக்கும். நான் அந்தப் பக்கமே போனதில்ல.

சூட்சுமம் எங்க இருக்குன்னா இங்கதான். பேஸ், மிடில், ட்ரெபிள், இந்த மூணு நாப்பும் ரெண்டு சேனலுக்கும் பொது. லீடுக்கு நல்லா இருக்கணும்னு திருப்பி வச்சா கிளீனுக்கும் அதேதான். கிளீனுக்குன்னு குறைச்சா லீடும் குறையும். வீட்ல ரெண்டு பேருக்கும் ஒரே கொழம்புதானே வைக்கறோம்? காரம் யாராவது ஒருத்தருக்குத் தகுந்த மாதிரித்தான் இருக்கும். எங்க வீட்ல எனக்குத் தகுந்த மாதிரி வைப்பா. அவளுக்குக் காரம் ஆகாது. தயிரை ஊத்திப் பெசஞ்சு சாப்பிட்டுக்குவா. இதுக்கெல்லாம் ஒரு சண்டையா? ஒரு நாளும் வந்ததில்ல.

மிடில் நாப்புதான் இதுல உசுரு. மனுஷக் கொரலு அந்த நடுவுலதான் இருக்கு. கிடார் சோலோ பேசறதும் அதே நடுவுலதான். நான் மிடிலை இந்தக் கடைசி வரைக்கும் திருப்பி வச்சிடுவேன். வச்சாத்தான் சோலோ பேசும். பொன்மணி மெல்லிசைக் குழுன்னா அந்தக் காலத்துல சேசுராஜ் லீடுன்னுதான் சொல்லுவாங்க. சேசுராஜ்ங்கறது நான்தான், ஃபோன்ல சொன்னேன்ல. எந்த ஊருக்குப் போனாலும் கச்சேரி முடிஞ்சு நாலு பேரு மேடைக்குப் பின்னாடி வந்து என் கையைத்தான் புடிப்பான்.

பெர்னத்தான் பாடுவா. சர்ச் கொயர்ல பாத்துத்தான் கட்டிக்கிட்டேன். பெரிய கொரல் கெடையாது தம்பி. கணீர்னெல்லாம் சொல்ல முடியாது. ஆனா பக்கத்துல நின்னு கேட்டீங்கன்னா... என்னன்னு சொல்றது. துணி காயப் போட்டுட்டே மாடியில பாடுவா. நான் படியில உக்காந்து கேப்பேன். நான் இருக்கேன்னு தெரிஞ்சா நிறுத்திடுவா, அதனால மூச்சுக்காட்டாம உக்காந்திருப்பேன். இப்ப துணியெல்லாம் நானே காயப் போடறேன். என் சட்டை நாலு, ஒரு துண்டு. என்னத்தக் காயப் போடறது.

மேடையில மட்டும் எப்பப் பாத்தாலும் ஒரே பாட்டுதான். "என்னங்க, அந்த நடு நாப்பைக் கொஞ்சம் குறைங்க. நான் பாடற எடத்துலயே உங்க கிடாரும் வந்து நிக்குது"ம்பா. நான் பொறுமையா எடுத்துச் சொல்லுவேன். "இது பொது நாப்புடி. உனக்காகக் குறைச்சா என் சோலோ செத்துடும். வெவரம் தெரியாமப் பேசாத." அடுத்த கச்சேரியில மறுபடி கேப்பா. மறுபடி எடுத்துச் சொல்லுவேன். எத்தனை வருஷம் சொல்லியிருப்பேன் தெரியுமா? எனக்கு அலுக்கவே இல்ல, பாருங்க. கடைசியில அவளே கேக்கறதை விட்டுட்டா. சரி, புரிஞ்சுக்கிட்டான்னு நெனச்சேன்.

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு சொல்லுவாங்கள்ல. நான் அவளை அப்படிச் சொல்லல. மைக் செட் அழகரைத்தான் சொல்றேன். பாடறவ கொரலு வெளிய வரலேன்னா மைக்கை ஏத்தணும். "ஏத்தினா கத்துதுண்ணே, ஊளையிடுதுண்ணே"ம்பான். அவனுக்கு வேலை தெரியல. அவ என்ன பண்ணுவா, தொண்டையை இழுத்துப் பாடுவா. கழுத்து நரம்பெல்லாம் பொடைச்சுக்கும். நல்லா பவரோட பாடறாளேன்னு எனக்குக்கூட சந்தோஷமா இருக்கும்.

போன சீசன்லதான் எல்லாம் ஆரம்பிச்சுது. சித்திரையிலேர்ந்து ஒரு நாள் ஓய்வில்ல. திருவிழா, ரிசப்ஷன், கெடா வெட்டு, காதுகுத்துன்னு தொடர்ந்து கச்சேரி. அவளுக்குக் கொரலு கட்டிக்கிச்சு. மிளகு கஷாயம் வச்சுக் குடிச்சா, பனங்கற்கண்டு வாயில போட்டா, கேக்கல. காத்தாப் போகுது. தில்லைநகர்ல ஒரு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். நான்தான் கூட்டிட்டுப் போனேன், அதைச் சொல்லிடறேன். அவ மாட்டேன்னா. அவர் மூக்கு வழியா ஏதோ விட்டுப் பாத்துட்டு, தொண்டைக்குள்ள சின்னச் சின்னதாக் கட்டி இருக்குன்னாரு. "ரொம்பக் கத்திப் பேசிப் பேசி வந்திருக்கு. அம்மா சத்தமான எடத்துல வேலை பாக்கறாங்களா?"ன்னு கேட்டாரு.

"அதெல்லாம் இல்ல டாக்டர், என்கூடத்தான் பாடறாங்க"ன்னு சொன்னேன்.

பெர்னத் என்னைத் திரும்பிப் பாத்தா. ஏன் அப்படிப் பாத்தான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

பேசவே கூடாதுன்னுட்டாரு. கொஞ்ச நாளைக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது. பாத்தீங்களா தம்பி, சொல்லக் கூடாது, ஆனா வீட்ல அவ்ளோ நிம்மதியா இருந்த நாள் அதுதான். ஒரு சண்டை இல்ல, ஒரு குறை இல்ல. நான் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுவா. சாயங்காலமானா கிடாரை எடுத்து வச்சு அவளுக்காகவே வாசிப்பேன், சீக்கிரம் குணமாகட்டும்னு. எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிடுவா. அங்கேருந்தும் கேக்கட்டும்னு கொஞ்சம் சத்தத்தைக் கூட்டி வைப்பேன்.

அப்புறம் முசிறியில ஒரு ரிசப்ஷன். டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்னாரு, ஆனா குழுவுல பொம்பளைக் கொரலுக்கு வேற ஆள் இல்ல. நம்ம மாஸ்டர், அதாவது குழுவை நடத்தறவரு, கெஞ்சினாரு. அவளும் சரின்னுட்டா. மூணாவது பாட்டுல மேல போற எடம். போனா. கொரலு ஒடைஞ்சுது. கிழிஞ்ச துணி மாதிரி ஒரு சத்தம். அப்படியே மைக்கைப் புடிச்சுட்டு நின்னா. கூட்டத்துல எவனோ ஒரு விசில் அடிச்சான். நான் விட்டுடுவேனா? ஒரே மிதி, லீட். அந்த எடத்துல இல்லாத ஒரு சோலோவை அந்தக் கூட்டம் மூச்சு விடறதுக்குள்ள வாசிச்சேன். கைதட்டல்னா கைதட்டல்! மானத்தைக் காப்பாத்திட்டேன்.

வேன்ல வரும்போது அவ ஜன்னல் பக்கமே மூஞ்சைத் திருப்பிக்கிட்டு வந்தா. "எப்படிச் சமாளிச்சேன் பாத்தியா?"ன்னேன். தலையாட்டினா. அன்னிக்கு நல்லா இருட்டு, வெளிய பாக்கறதுக்கு என்ன இருந்துச்சுன்னு தெரியல.

திரும்ப டாக்டர்கிட்டப் போனோம். இனிமே பாடாதீங்கன்னுட்டாரு. பேசலாம், அளவாப் பேசலாம், பாட்டு வேணாம். இப்ப அவ பேசினா பக்கத்துல காது வச்சாத்தான் கேக்கும். காத்துதான் வரும். எனக்கு அழுகையா வந்துச்சு தம்பி. டாக்டர் ரூம்லயே அழுதேன். அவதான் என் முதுகைத் தடவிக் குடுத்துக் கூட்டிட்டு வந்தா.

இப்ப கேளுங்க. இதுக்கப்புறம் நடந்ததுதான் என் வயித்தெரிச்சல்.

மாஸ்டர் புதுசா ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வந்தாரு. ஹேமலதான்னு பேரு. காலேஜ் படிக்கற பொண்ணு, எங்க ஷீபாவை விடச் சின்னது. மணப்பாறையில ஒரு கல்யாண மண்டபம், சாயங்காலக் கச்சேரி. "வீட்ல உக்காந்து என்ன பண்ணப் போற, வா"ன்னு பெர்னத்தையும் கூட்டிட்டுப் போனேன். அவ மொத வரிசையில உக்காந்திருந்தா. கச்சேரி அன்னிக்கு மட்டும் நகத்துக்குச் செவப்பு போடறது அவ பழக்கம். அன்னிக்குப் பாடல, இருந்தாலும் போட்டுட்டு வந்திருந்தா.

கச்சேரிக்கு முன்னாடி செக் பண்றோம்ல. அந்தப் பொண்ணு ரெண்டு வரி பாடிச்சு. நின்னுச்சு. என்னைப் பாத்து, "அங்கிள், அந்த மிடிலைக் கொஞ்சம் குறைச்சுக்கறீங்களா? என் வாய்ஸே எனக்குக் கேக்கல"ன்னுச்சு.

குறைச்சேன். இந்தா, இப்படித் திருப்பினேன். என்ன பண்றது, வெளி ஆளு, மொத நாளு. நாலு பேரு முன்னாடி ஒரு சின்னப் பொண்ணு கேக்குது. மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல? வீட்டு ஆளுன்னா அது வேற. வீட்டு ஆளுகிட்ட என்ன மரியாதை வேண்டிக் கெடக்கு?

கச்சேரி நடந்துச்சு. என் சோலோ அன்னிக்கு அப்படி ஒண்ணும் இல்ல. அந்த அழகர் பய முடிஞ்சதும் வந்து, "அண்ணே, இன்னிக்குத்தாண்ணே பாட்டு பாட்டா இருந்துச்சு"ன்னான். புது மைக்கு வாங்கியிருந்தான், அந்தத் திமிரு.

திரும்பி வரும்போது வேன்ல பெர்னத் என் பக்கம் சாஞ்சு ஏதோ சொன்னா. கேக்கல. மறுபடி சொன்னா.

"குறைச்சீங்க."

"என்னத்தடி?"

"நடு நாப்பை. அந்தப் பொண்ணு கேட்ட ஒடனே குறைச்சீங்க. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"ஆமா, சின்னப் பொண்ணு கேட்டுச்சு, குறைச்சேன். அதுக்கென்ன இப்ப?"

எனக்கு அப்பதான் பொறி தட்டுச்சு. சந்தேகம்! இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவ, என்னைப் போயி, அந்தப் பொண்ணோட சேத்து வச்சு சந்தேகப்படறா. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு தம்பி. மாதா மேல சத்தியமாச் சொல்றேன், அந்தப் பொண்ணு மொகத்தைக்கூட நான் சரியாப் பாத்ததில்ல. ஒரு நாப்பைத் திருப்பினேன். வேற என்ன பண்ணினேன்? ஒரு பொம்பள கேட்டான்னு ஒரு ஆம்பள ஒரு நாப்பைத் திருப்பறது குத்தமா? நீங்களே சொல்லுங்க.

சரி, மறுநாள் ஞாயித்துக்கெழம. சமாதானம் பண்ணுவோம்னு பூசைக்குப் போயிட்டு அப்படியே மார்க்கெட்டுக்குப் போயி வெரால் மீனு வாங்கிட்டு வந்தேன். அவளுக்கு வெரால்னா உசுரு. மொளகாத்தூள் கம்மியாப் போட்டு வைன்னு சொல்லலாம்னுகூட நெனச்சுட்டு வந்தேன். வந்து பாத்தா ஆள் இல்ல. சோறு வடிச்சு மூடி வச்சிருந்தா. துணிப்பையைக் காணோம். ஆம்ப்பு மேல அவ நெயில் பாலிஷ் பாட்டிலு நிக்குது. இனிமே எனக்கு மேடை எதுக்கு, பூச்சு எதுக்குன்னு என் மூஞ்சியில அடிச்ச மாதிரி அங்க வச்சுட்டுப் போயிருக்கா. அந்த மீனைக் கீழ் வீட்ல குடுத்துட்டேன்.

கீழ் வீட்டு ஜெயக்கொடி என்ன சொல்லுச்சு தெரியுமா? "காலையில கிடாரு சத்தம் கேட்டுச்சேண்ணே. ஒத்தக் கம்பியை டொய்ங் டொய்ங்குனு தட்டறது. ஒரு வாட்டி மெதுவா, ஒரு வாட்டி பலமா, மாத்தி மாத்தி ரொம்ப நேரம். கூடவே யாரோ முனகற மாதிரியும் இருந்துச்சு. நீங்கதான் சுதி சேக்கறீங்கன்னு இருந்துட்டேன்"னுச்சு. நான் எங்க சுதி சேத்தேன், நான் மீன் கடையில நிக்கறேன். கோவத்துல கிடாரைப் போட்டுத் தட்டியிருக்கா. அழுதிருக்கா. அத்தனை கோவம்.

கோயமுத்தூர்ல மக வீட்ல இருக்கா. ஷீபாகிட்டக் கேட்டேன், "உங்கம்மா என்னை சந்தேகப்படறாடி"ன்னேன். "அம்மாவுக்கு யார் மேலயும் சந்தேகம் இல்லப்பா"ங்கறா. பின்ன எதுக்குப் போனான்னு கேட்டா, "அம்மா உங்ககிட்ட எத்தனையோ தடவை சொல்லிட்டாங்களாம்ப்பா"ங்கறா. என்னத்தச் சொன்னா? வேன்ல சொன்னதைத் தவிர ஒண்ணும் சொல்லலியே. ஃபோனை அவகிட்டக் குடுப்பா. அந்தப் பக்கம் மூச்சுதான் கேக்கும். ஏதோ சொல்லுவா. "சாப்பிட்டீங்களா"ன்னு கேக்கறான்னு நெனச்சு "சாப்பிட்டேன்"ம்பேன். அதைத்தான் கேட்டாளான்னு தெரியாது.

ராத்திரியும் பகலும் யோசிச்சுத்தான் தம்பி இந்த முடிவுக்கு வந்தேன். அந்தப் பொண்ணு ஹேமலதாவுக்குக் கல்யாணம் ஆகி மஸ்கட் போயாச்சு. குழுவுலேர்ந்து நானும் நின்னுட்டேன். இனி பாக்கி இந்த ஆம்ப்பு ஒண்ணுதான். இதையும் குடுத்துட்டு நேரா கோயமுத்தூர் போயி அவ முன்னாடி நிப்பேன். "பாரு, மேடையும் இல்ல, ஆம்ப்பும் இல்ல. இனிமே எந்தப் பொண்ணு வந்து எதைக் குறைக்கச் சொல்லப் போறா? சந்தேகத்தை விட்டுட்டு வீட்டுக்கு வா"ம்பேன். வந்துதானே ஆகணும்? இதுக்கு மேல ஒரு மனுஷன் என்ன நிரூபிக்கறது?

சரி, என் கதை கெடக்கட்டும். நாப்பையெல்லாம் என் பழக்கத்துக்குத் திருப்பி வச்சுட்டு வாசிச்சுக் காட்டறேன், கேளுங்க. இதான் கிளீன்... இப்ப மிதிக்கறேன்... லீட்! எப்படி? என்ன காதைப் பொத்தறீங்க? ரூம் சின்னது, அதான். மைதானத்துல கேட்டா ஜம்முனு இருக்கும்.

என்னது? நீங்க வாசிச்சுப் பாக்கணுமா? இல்ல, நாப்பைத் திருப்பணுமா? திருப்புங்களேன், வாங்கப் போறவரு. ஏன் அந்தப் பொட்டுக்கு நேராத் திருப்பறீங்க? அது பிள்ளை வெளையாட்டா வச்சதுன்னு சொன்னேன்ல. மிடிலை இவ்ளோ தூரம் கீழ எறக்கினா லீட் செத்துடும் தம்பி. அதைத்தானே இத்தனை நேரம்... லீட் வால்யூமுக்கு எதுக்குப் போறீங்க? அது லீடுக்கு மட்டும் உள்ளது. அதை நான் ஏத்தினதே இல்ல, மிடில்தான் இருக்கேன்னு விட்டுட்டேன். சரி, அந்த ரெண்டாவது பொட்டு வரைக்கும் வேணா ஏத்திப் பாருங்க. குடுங்க கிடாரை, நானே காட்டறேன், அப்பதான் உங்களுக்கு விளங்கும்.

இது கிளீன்.

இது லீட்.

என்ன சொல்றீங்க? நல்லா இருக்கா? ரெண்டுமே நல்லா இருக்கா? இருங்க. இன்னொரு வாட்டி மிதிக்கறேன். கிளீன். லீட். சோலோ சாகலியே.

சாகலியே தம்பி.

பேத்தியா? அது கடைசியா மே மாச லீவுக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் வரல. அப்பவே வச்சிருந்தா மணப்பாறைக் கச்சேரிக்கு முன்னாடி துணி போட்டுத் தொடச்சேனே, கண்ணுல பட்டிருக்குமே. அன்னிக்கு இது இல்ல. நிச்சயமா இல்ல. அதுக்கப்புறம் நான் இதை எறக்கி வச்சதோட சரி, ஸ்விட்ச்சே போடல. இந்தக் கலரு...

அவளுக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது தம்பி. ஒத்தக் கம்பியைத்தான் தட்டத் தெரியும். ஒரு வாட்டி மெதுவா, ஒரு வாட்டி பலமான்னு ஜெயக்கொடி சொல்லுச்சுல்ல. காலால மிதிச்சு மாத்திருக்கா. மாத்தி மாத்தித் தட்டிப் பாத்து, திருப்பி, தட்டிப் பாத்து... முனகல் கேட்டுச்சுன்னு சொல்லுச்சே. அழுதான்னு நெனச்சேன். பாடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு.

கொஞ்சம் இருங்க. திரும்ப வாசிக்கறேன். அவ பாடற பாட்டுக்குப் பின்னாடி போடற கார்ட்ஸ்தான் இது. கேளுங்க. கேக்குதா? நடுவுல ஒரு எடம் காலியா இருக்கு. பேஸ் கீழ இருக்கு, ட்ரெபிள் மேல இருக்கு, நடுவுல ஒண்ணுமே இல்ல. மிடிலைக் குறைச்சா இப்படித்தான் ஆகும்னு நான் அப்பவே சொன்னேன். இது வெறுமனே கேட்டா நல்லா இருக்காது. இதுல யாராவது பாடினாத்தான்...

யாராவது பாடினாத்தான் சரியா இருக்கும்.

தம்பி, நீங்க கோவிச்சுக்கக் கூடாது. இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க, எனக்குத் தெரியுது. இன்னிக்கு இதைக் குடுக்கற மாதிரி இல்ல. என்னைக்குன்னு கேக்காதீங்க. ஒரு ஒத்தாசை மட்டும் பண்ணுங்க. அந்த ஜன்னல்ல என் ஃபோன் இருக்கு. அதுல ஷீபான்னு போட்டிருக்கும் பாருங்க, அதுக்குப் போடுங்க. எனக்குக் கை வரல. அம்மாகிட்டக் குடுக்கச் சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போட்டு இங்க கட்டில் மேல வைங்க. நான் பேசப் போறதில்ல, பேசினா ஏதாவது தப்பாப் போயிடும். வாசிக்கத்தான் போறேன். அந்த நாப்பு பக்கம் மட்டும் கையைக் கொண்டு போகாதீங்க.

எடுத்தாச்சா? வந்துட்டாளா?

பெர்னத்து... நான்தான். ஒண்ணும் சொல்ல வேணாம், சும்மா கேளு. சத்தம் அதிகமா இருந்தா சொல்லு. குறைச்சுக்கறேன்.

இந்தா, வாசிக்கறேன்.

...

தம்பி. அவ ஏதோ சொல்றாளா? ஃபோன்ல லைட்டு எரியுதே, இன்னும் லைன்லதான் இருக்கா. குனிஞ்சு கேளுங்க, கிட்டப் போயிக் கேளுங்க. என்ன சொல்றா?

எனக்குக் கேக்கல தம்பி. என்ன சொல்றான்னு நீங்க சொல்லுங்க.